நாலு விரற்கடை

ஹெல்மெட்டின் வாரை இழுத்து மாட்டுகிற இந்த ஒரு வேலையைத் தணிகாசலம் எவ்வளவு நேரம்தான் செய்வான், மாட்டி முடித்து ஒரு நிமிஷம் ஆகியும் அவன் விரல் தமயந்தியின் இடது காதுக்குப் பின்னால் அந்தத் தழும்பின் மேலேயே நின்றது. பதினோரு தையல். முடி அந்த இடத்தில் இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை, தோல் வழவழவென்று வேறு யாருடைய தோலோ மாதிரி இருந்தது. அதற்குக் கீழே எலும்போடு எலும்பாக ஒரு தகடு, நாலு திருகு. திருகு என்றால் அவனுக்குத் தெரியும், இருபது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக், திருகுகிறதுதான் அவன் பிழைப்பு, எந்தத் திருகும் ஒருநாள் லேசாகக் கழன்று கொடுக்கும் என்பதும் தெரியும், அந்த ஞானம் இப்போது எதற்கு, போய்த் தொலை. "முடிஞ்சுதா?" என்றாள் அவள், முகத்தை மறைத்த வலைக்கம்பிக்குள்ளிருந்து. முடிந்தது என்று அவன் அந்த இடது காதில்தான் சொன்னான், அது கேட்காத காது, அவள் மறுபடி கேட்டாள், அவன் சுற்றி வந்து வலது பக்கம் நின்று சொன்னான். இதுவே பழக்கமாகிவிட்டது. காலையில் ஷேர் ஆட்டோவிலும் இவளுக்கு இடது பக்கமாகத்தான் உட்கார்ந்தான், வேண்டுமென்றேதான், பாலம் ஏறும்போது டீசல் இரைச்சலில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான், முதல் நாளிலிருந்து, ஒன்று விடாமல், வாய் உலர்ந்துபோகிற அளவுக்கு. அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள், ஏதோ முனகல் தெரிந்து திரும்பி என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள், வெயில் ஜாஸ்தி என்றேன் என்றான். ஆக சொல்லியாகிவிட்டது, மனுஷன் தன் பங்குக்குச் சொல்லிவிட்டான், செவிட்டுக் காதில் சொன்ன பாவத்துக்கு யார் பொறுப்பு. தூ என்று தன் மேலேயே துப்பிக்கொள்ளத் தோன்றியது அவனுக்கு. நாளைக்குத் திங்கள்கிழமை.

ஆடி மாசம், கல்யாண மண்டபத்துக்கு வேலையில்லை, அதனால் கீழே சாப்பாட்டு ஹால் முழுசும் ஞாயிறு காலைகளில் இவர்களுக்கு. முகூர்த்த நாள் வந்தால் வகுப்பு கிடையாது. மேஜைகளை மடித்துச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள், கை கழுவும் குழாய் வரிசையில் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது, எந்தக் கல்யாணத்துச் சாம்பாரோ இன்னும் தரையில் வாசனை விட்டது. எட்டுப் பேர், நாலு ஜோடி, கையில் பிரம்பு. பிரம்பென்றால் பள்ளிக்கூடத்துப் பிரம்பு இல்லை, கட்டைவிரல் தடிமன், ஒன்றரை முழ நீளம், எலும்பைத் தேடிப் போகிற சாமான். சொல்லிக்கொடுக்கிறவள் ரெஹானா, முப்பது வயசு ஆகவில்லை, பிலிப்பைன்ஸுக்கு டாக்டர் படிக்கப் போனவள், டாக்டர் படிப்போடு அந்த ஊர்க் குச்சிச் சண்டையையும் படித்துக்கொண்டு வந்துவிட்டாள், இங்கே எழுதவேண்டிய பரிட்சை இன்னும் பாஸாகவில்லை, ஆனால் மண்டை எங்கே உடையும், நரம்பு எங்கே ஓடும் என்று விரல் வைத்துக் காட்டிவிடுவாள். பன்னிரண்டு அடி, பன்னிரண்டுக்கும் நம்பர், எண்ணுவது அந்த ஊர்ப் பாஷையில், இசா என்றால் ஒன்று, தலவா இரண்டு, தத்லோ மூன்று. இசா என்பது வலது மேலிருந்து குறுக்காக இறங்கி எதிராளியின் இடது நெற்றிப்பொட்டில் விழுகிற அடி. எல்லாவற்றுக்கும் முதல் அடி, ஏனென்றால் கோபம் வந்தவன் எவனும் முதலில் அதைத்தான் அடிப்பான், யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பயிற்சிக்கு ஒரே ஒரு சட்டம். அடிக்கிறவன், எதிராளி தடுக்காமல் நின்றால் மண்டையில் படுகிற மாதிரி அடிக்க வேண்டும். குச்சியைப் பார்த்து அடிக்கக் கூடாது, ஆளைப் பார்த்து அடிக்க வேண்டும். மெதுவாக அடிக்கலாம், தப்பில்லை, இடம் மட்டும் மாறக்கூடாது. "குச்சிய அடிச்சீங்கன்னா அது கோலாட்டம்ணா" என்று ரெஹானா முதல் நாளே சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள், தணிகாசலமும் சிரித்தான், கூடவே சிரித்தவன் அன்றைக்கே கோலாட்டத்தை ஆரம்பித்தான்.

நாலு விரற்கடை. அவ்வளவுதான். அவன் குச்சி அவள் பொட்டுக்கு நாலு விரற்கடை வெளியே நின்றுவிடும், ஒவ்வொரு தடவையும், இரண்டு வருஷம், வாரத்துக்கு நூறு அடி. வேறொருத்தனால் முடியாது, கை அசந்து ஒருநாளாவது பட்டிருக்கும். லிஃப்ட் தளத்தோடு சமமாக வந்து நிற்க வேண்டும், ஒரு நூல் ஏறினாலும் வயசானவர்கள் தடுக்கி விழுவார்கள், அந்த ஒரு நூலுக்காக ராத்திரி பகலாகப் பிரேக்கை இறுக்கியும் தளர்த்தியும் பழகின கை இது, நிறுத்து என்றால் நிற்கும். அவளும் பாவம், அடி எங்கே வருகிறதோ அங்கே குச்சியைக் கொண்டுபோய் வைக்கக் கற்றுக்கொண்டாள், நன்றாகவே கற்றுக்கொண்டாள், வெளியே, எட்டத்தில், காற்றில். டக்கென்று சத்தம் வரும், ரெஹானா அந்தக் கோடியில் இருந்தால் அவளுக்குச் சத்தம்தான் கேட்கும். இவள் முறை வரும்போது இவள் சட்டப்படி அடித்தாள், மண்டையைப் பார்த்து, கண்ணைப் பார்த்து, தயவே இல்லாமல், அவன் விரல்முட்டி எப்போதும் நீலம் பாரித்துத்தான் இருக்கும், சைட்டில் எல்லோரும் என்னப்பா வீட்டில் தினமும் பூஜையா என்று கேட்பார்கள். தமயந்தியின் முட்டியில் ஒரு கீறல் கிடையாது. "எனக்குக் கை வேகம்ங்க, அதான்" என்று அவள் பெருமைப்படுவாள், அக்கம்பக்கத்தில் கையை விரித்துக் காட்டுவாள், பாருங்கடி ஒரு காயம் இல்லை என்று. அந்தக் கையை அவன் எத்தனை தடவை எடுத்து முத்தம் கொடுத்திருக்கிறான், மடையன். ஒருதரம் ரெஹானா ஜோடியை மாற்றிவிட்டாள், பேங்க் ஆள் ஒருத்தனோடு இவளை நிறுத்தினாள், இரண்டாவது அடியிலேயே தோளில் வாங்கிக்கொண்டு கண்ணீரோடு திரும்பி வந்தாள், அந்த ஆள் கண்டபடி அடிக்கிறான் என்றாள். கண்டபடி அடிக்கவில்லை, ஒழுங்காக அடித்தான். அன்றைக்காவது புத்தி வந்திருக்க வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் அவளுக்குத் தைலம் தேய்த்துவிட்டான், மனசுக்குள் அந்த பேங்க் ஆளைத் திட்டிக்கொண்டு.

ஏன் என்று யாராவது கேட்டால் அவனிடம் ஒரு கதை இருக்கிறது, அதை யாரும் கேட்டதில்லை. அப்பா ஏகாம்பரம் தையல்காரர், கடையில் தேக்கில் செய்த கஜக்கோல் ஒன்று, பித்தளைப் பூண் போட்டது, ஜாக்கெட் துணியும் அதில்தான் அளப்பார், அம்மாவையும் அதில்தான் அளப்பார். குடி கிடையாது அவருக்கு, அதுதான் கொடுமை, குடித்திருந்தாலாவது குறி தப்பியிருக்கும். வலது கை மேலே போகும், குறுக்காக இறங்கும், இசா, அந்த நம்பர் அப்போது தெரியாது. அம்மா இடது கையைத் தூக்கி மறைப்பாள், அந்த மணிக்கட்டு கடைசிவரை நிமிராமலேயே போய்விட்டது. ஒன்பது வயசுப் பையன் வெட்டின துணிகளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு சத்தத்தை எண்ணினான். கல்யாணத்துக்கு முந்தின நாள் அந்தக் கோணல் கையால் அவன் கன்னத்தைத் தொட்டு அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவ மேல கை ஓங்காதடா." ஓங்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவை கூட ஓங்கவில்லை, சண்டை வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவான், தமயந்தியின் அக்கா தங்கைகளிடம் அவனுக்கு அப்படி ஒரு நல்ல பெயர். இந்த வகுப்புக்கு இவளைச் சேர்த்துவிட்டதே அதற்குத்தான், ரேஷன் கடையில் உட்கார்கிறாள், நாளைக்கு நாலு பேர் தகராறு பண்ணுவார்கள், இவள் கையில் ஒரு வித்தை இருக்கட்டும் என்று. சேர்த்துவிட்டு, எதிரே குச்சியோடு நின்று, கை மேலே போனதும், அந்த முதல் ஞாயிறே, தோளிலிருந்து முட்டி வரைக்கும் அது யாருடைய கை என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. அதே வீச்சு, அதே மணிக்கட்டு, கடைசியில் அதே சின்னத் திருப்பல். கை தானாக நாலு விரற்கடை தள்ளி நின்றது, அப்பாடா என்றிருந்தது, நான் ஏகாம்பரம் இல்லை என்றிருந்தது. அந்த அப்பாடாவுக்குத்தான் இவள் மண்டையில் பதினோரு தையல்.

பங்குனியில், பட்டப்பகலில், பாமாயில் தீர்ந்துவிட்டது என்று இவள் சொன்னாள், அவ்வளவுதான் இவள் செய்த குற்றம். ஒருத்தன், பக்கத்துத் தெருக்காரன்தான், காலையிலேயே ஏற்றிக்கொண்டு வந்தவன், வெளியே பந்தலுக்குக் கிடந்த சவுக்குக் கட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினான். தமயந்தி ஓடவில்லை. ஷட்டரை இழுக்கிற கொக்கிக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சரியாக நின்றாளாம், கால் சரி, தோள் சரி, பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், ரேஷன் கடை அம்மா அப்படியே சினிமாவில் மாதிரி நின்றார்கள் என்று. அவன் இசா அடித்தான். இவள் கம்பியைத் தூக்கிக்கொண்டுபோய், இரண்டு வருஷமாக எங்கே அடி வந்ததோ அங்கே, நாலு விரற்கடை வெளியே, காற்றில் காவல் வைத்தாள். கட்டை உள்பக்கமாகப் புகுந்து வந்து இடது காதின் மேல் இறங்கியது. மூன்று நாள் கழித்துக் கண் விழித்து இவள் முதலில் சொன்னது, தணிகாசலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்ளோ சொல்லிக்குடுத்தீங்க, நான் கோட்டை விட்டுட்டேன்ங்க." பயந்துவிட்டேன், கை லேட்டாகப் போயிற்று என்று டாக்டரிடம் சொன்னாள், அக்காவிடம் சொன்னாள், பார்க்க வந்த ரெஹானாவிடம் மன்னிப்பு வேறு கேட்டாள். அவன் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டு நின்றான். அந்தத் தோலின் நெடி இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

அந்த ஆள் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். ஒருநாள் தணிகாசலம் லீவு போட்டுவிட்டு, டூல்ஸ் பைக்குள் பிரம்பைப் போட்டுக்கொண்டு, டீக்கடை எதிரே போய் நின்றான். ஆள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான், நாக்கைச் சுட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தான். இசா, பொட்டு பிளக்கிறது. தலவா, மறு பொட்டு. தத்லோ, முழங்கை, உள்ளே குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். விலா, முட்டி, வயிறு, கண் ஒன்று, கண் இரண்டு. பன்னிரண்டு வரை அடித்தான், நின்ற இடத்தில், கையைப் பையிலிருந்து எடுக்காமல். பல் தெறித்துப் பாய்லர் மேல் விழுந்தது, ரத்தம் பன் ரொட்டிக் கூடையில் சொட்டியது, ஒரு அடிகூடத் தள்ளி விழவில்லை, எல்லாம் எலும்பில், எல்லாம் குறியில், அவனுக்கு உடம்பெல்லாம் இனித்தது. சத்தியமாக இனித்தது. மறுபடி இசா என்று ஓங்கினபோது கீழே கிடந்த முகம் அந்த ஆள் முகமில்லை, அப்பா முகமாக இருந்தது, அதையும் அடித்தான், அதற்கப்புறம் இடது கை ஒன்று மணிக்கட்டு கோணலாக மறைக்க எழுந்தது. டீக்கடைக்காரர் என்ன வேண்டும் சார் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று நடந்துவிட்டான், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த ஆள் டம்ளரை வைத்துவிட்டு அவனைப் பார்த்துச் சும்மா தலையாட்டினான், யாரென்று தெரியாமலே. அந்தத் தெருவைத் தாண்டித்தான் இவள் ரேஷன் கடை. நாளைக்குத் திங்கள்கிழமை, நாலு மாச லீவு முடிகிறது, காலை ஒன்பது மணிக்கு இவள் போய் ஷட்டரைத் தூக்க வேண்டும். இன்றைக்குக் கை ஒழுங்காக வந்தால் நாளைக்குக் கடைக்குப் போவேன், வரவில்லையென்றால் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருப்பேன் என்று நேற்றுச் சோறு வடிக்கும்போது சொல்லிவிட்டாள், சொன்னால் சொன்னதுதான்.

ரெஹானா செல்போனில் மூன்று நிமிஷம் வைத்தாள். அக்கா, இன்றைக்கு மெதுவாக, ஒன்று மட்டும், ஹெல்மெட்டைக் கழற்றவே கூடாது என்றாள். மண்டை டாக்டர் நடக்கலாம், வேலைக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார், இதைப் பற்றி யாரும் அவரிடம் வாயைத் திறக்கவில்லை. தமயந்தி காலை அகட்டி நின்றாள். "இசா" என்றாள் ரெஹானா. தணிகாசலத்தின் கை போயிற்று, நின்றது, நாலு விரற்கடை. டக். மறுபடி, டக். மறுபடி, டக். கை எவ்வளவு சொகுசாக அந்த இடத்துக்குப் போகிறது பாருங்கள், பழகின மாடு கொட்டிலுக்குப் போகிற மாதிரி. பக்கத்து ஜோடி வேகமாக அடித்தார்கள், பிரம்பும் பிரம்பும் உரசித் தீய்ந்த வாசனை வந்தது, கம்பங்கொல்லையில் சருகு எரிந்த மாதிரி ஒரு வாசனை, பலமாகவும் நேராகவும் மோதினால்தான் அது வரும். இவள் அடியில் எப்போதாவது வரும். அவன் அடியில் இரண்டு வருஷத்தில் ஒருநாளும் வந்ததில்லை, இவளுக்கு அதுகூட உறைக்கவில்லையே, இவ்வளவு நம்பிக்கை ஒரு மனுஷிக்கு ஆகுமா. டக். "வருதுங்க" என்றாள் அவள், வலைக்குள் பல் தெரிந்தது, கண் நிறைந்துவிட்டது. "கை வருது. நாளைக்குத் தைரியமா போவேன்." போவாள். ஒன்பது மணிக்குப் போவாள். அந்த ஆள் வருவான், நாளைக்கில்லாவிட்டால் இன்னொரு நாள், அவன் இல்லாவிட்டால் இன்னொருத்தன், சிரித்த முகத்தோடு இவள் கம்பியைக் காற்றில் கொண்டுபோய் வைப்பாள், தகடு இருக்கிற இடத்திலேயே விழும். சொல்லிவிடு. வலது பக்கம் போய் நின்று சொல்லிவிடு. சொன்னால் என்ன ஆகும், இரண்டு வருஷமும் பொய் என்று தெரியும், இந்தச் சிரிப்புப் போகும், தெரிந்துகொண்டதால் கை தானாகத் திருந்திவிடுமா, கைக்குக் காது கிடையாது, கைக்கு அடி ஒன்றுதான் புரியும். அப்படியென்றால் அடி. எவன் கையால் அடிப்பது, என்னிடம் வேறு கை இல்லை, அந்த ஒரு கைதான் இருக்கிறது, தேக்கு, பித்தளைப் பூண், கடைசியில் சின்னத் திருப்பல். அம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள். "இசா" என்றாள் ரெஹானா.

நிற்கிற இடத்தில் நிற்காமல் கை உள்ளே போயிற்று. தமயந்தியின் குச்சி சரியான நேரத்தில், துளி தாமதமில்லாமல், தப்பான இடத்துக்குப் போய் நின்றது, அதற்கு உள்பக்கமாக அவன் பிரம்பு புகுந்து இடது பொட்டில் இறங்கியது. ஹெல்மெட் அடிபட்ட அண்டா மாதிரி அதிர்ந்தது. அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு முழங்கால் தரையில் மோத விழுந்தாள், குச்சி உருண்டுபோய்க் குழாயடியில் நின்றது. ரெஹானா ஓடிவந்தாள், என்னண்ணா பண்ணுறீங்க, பைத்தியமா என்று அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள், அவன் தள்ளப்பட்ட இடத்திலேயே நின்றான். அவன் கை இனித்துக்கொண்டிருந்தது. அதுதான் அவனைக் கொன்றது, கொஞ்சம், ஓரத்தில், இனித்தது. ரெஹானா குனிந்து, அக்கா கண்ணைப் பாருங்க, இது எத்தனை விரல் என்று கேட்டாள், மூன்று என்றாள் தமயந்தி, பேர் கேட்டாள், பேர் சொன்னாள், வாந்தி வருகிறதா என்றாள், இல்லை என்றாள். பிறகு ரெஹானாவின் கையை விலக்கிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். அழவில்லை. தன் வலது கையைத் தூக்கி, வெறுங்கையாக, குச்சி போய் நின்ற இடத்தில் வைத்துப் பார்த்தாள். அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு இடது கையால் ஹெல்மெட்டில் அடி விழுந்த இடத்தைத் தொட்டாள். இரண்டு கைக்கும் நடுவே இருந்த இடைவெளியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் உள்ள வந்துச்சு" என்றாள். "நான் லேட்டா போகல."

அவன் பிரம்பைத் தாழ்த்தினான்.

"இத்தினி நாளா நீங்க எங்க அடிச்சிட்டிருந்தீங்க?"

வலது பக்கம் போய் நிற்க வேண்டும் என்று தோன்றியது அவனுக்கு, போய் நின்றான், குனிந்தான். "உன் குச்சில" என்றான்.

அவள் அவன் முட்டியைப் பார்த்தாள், தழும்பும் காய்ப்புமாக இரண்டு வருஷத்துக் காயம். தன் முட்டியைப் பார்த்தாள். இனி இவள் என்னைப் பார்க்கமாட்டாள் என்று அவன் நினைத்தான், இன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தான், போகட்டும், உயிரோடு போகட்டும். அவள் தரையில் கை ஊன்றி எழுந்தாள். குழாயடிக்கு நடந்துபோய்க் குச்சியை எடுத்துக்கொண்டு வந்தாள், நடை நேராகத்தான் இருந்தது. ரெஹானா இன்றைக்குப் போதும்க்கா, நான் விடமாட்டேன் என்றாள், தமயந்தி அவளைப் பார்க்கவே இல்லை, எனக்கு நாளைக்கு டூட்டி என்று மட்டும் சொன்னாள். முன்பு நின்ற இடத்தைவிட ஒரு எட்டு அவன் கிட்டே வந்து நின்றாள். வலைக்கம்பிக்குள் அவள் கண் சிவந்து கிடந்தது, அதில் மன்னிப்பு என்கிற சமாசாரம் எதுவும் இல்லை.

"இப்ப மண்டைல அடிங்க" என்றாள். "இசா."

அவன் அடித்தான். அவள் குச்சி உள்ளே வந்தது, அரைகுறையாக, அவன் பிரம்பு சறுக்கி அவள் விரல்முட்டியில் விழுந்தது, தோல் கிழிந்து ரத்தம் மணியாகக் கோத்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள், கையை உதறவில்லை. "இசா." இந்தத் தடவை தோள்பட்டை, அவள் ஒரு அடி பின்னுக்குப் போய்த் திரும்ப அதே இடத்துக்கு வந்தாள். "இசா." குச்சியும் குச்சியும் பழைய இடத்துக்கு நாலு விரற்கடை உள்ளே, அவள் கன்னத்தோரம் மோதின, அவன் முழங்கை வரை விண்ணென்று ஏறியது, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர்களுக்கு நடுவே அந்தத் தீய்ந்த வாசனை எழுந்தது. அவள் அதை மோந்தாள், அவள் மோந்ததை அவன் பார்த்தான். போதும் என்று சொல்வாள் என்று நின்றான். முட்டியில் கோத்த ரத்தத்தை பேண்ட்டில் துடைத்துக்கொண்டு அவள் காலை இன்னும் கொஞ்சம் அகட்டினாள்.

"இசா" என்றாள்.

தணிகாசலம் பெண்டாட்டி மேல் கை ஓங்கினான்.